கருவிழி ஓரத்து டிப்போ

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே பஸ் ஓட்டிய காலத்தில் எனக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள் இருந்தன. ஒன்று, என்னை உரசிக்கொண்டு முந்தும் டாக்சிக்காரர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவது. இன்னொன்று வெற்றிலை போடுவது. ஏசியதால் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. சொல்லப்போனால், பெடரல் நெடுஞ்சாலையில் அத்தனை வருடம் ரத்தக்கொதிப்பு வராமல் ஓட்டினேன் என்றால் அந்த ஏச்சுதான் காரணம். காலை வாரிவிட்டது வெற்றிலைதான். அதிலும் வெற்றிலையைக் குறை சொல்ல முடியாது, பாக்கையும் சொல்ல முடியாது. எல்லாம் சுண்ணாம்பு செய்த வேலை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது கடையில் சுண்ணாம்பு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் கிடைக்கும். மூலையைக் கிள்ளிவிட்டுப் பிதுக்கினால் வேண்டிய அளவு வரும். சட்டைப்பையில் கொஞ்ச நாள் கிடந்தால் அந்த மூலை காய்ந்து அடைத்துக்கொள்ளும். "டப்பாவுல போட்டு வைங்கன்னா கேக்குறீங்களா?" என்று என் மனைவி அலுத்துக்கொள்வாள். அவள் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தாள். பகல் முழுக்கப் பிள்ளைகளை அதட்டிவிட்டு, மிச்சம் இருக்கும் அதட்டலை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் செலவழிப்பாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் பேசுவாள். கை இடுப்புக்குப் போகிறது என்றால் நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருந்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்கு ஓய்வு நாள். ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் வெற்றிலையை மடியில் பரப்பி உட்கார்ந்தேன். பொட்டலம் வழக்கம்போல அடைத்திருந்தது. அமுக்கினேன், வரவில்லை. எங்கே அடைத்திருக்கிறது என்று முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அடைப்பு விட்டது. சுண்ணாம்பு மொத்தமும் இடது கண்ணுக்குள் பாய்ந்தது.

எரிந்தது என்று எழுதினால் போதாது. கண்ணுக்குள் அடுப்பை மூட்டிவிட்டது போல இருந்தது. இமை இறுகிக்கொண்டது, விரலால் பிரிக்கப் பார்த்தாலும் திறக்கவில்லை. நான் போட்ட கூச்சலில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். என் மடியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கண்ணில் எது பட்டாலும் எங்களுக்கு முதல் மருந்து தாய்ப்பால். தூசி விழுந்தாலும், சூடு பிடித்துச் சிவந்தாலும், பக்கத்து வீடுகளில் பால் கொடுக்கும் தாய் யார் இருக்கிறாள் என்றுதான் முதலில் யோசிப்போம். குளியலறைக் குழாய் கையெட்டும் தூரத்தில் இருந்தது. என் மனைவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணை, வயதில் எங்களைவிடச் சின்னவள் என்றாலும், மரியாதைக்குக் காக் என்றுதான் கூப்பிடுவோம். மலாயில் அக்கா என்று அர்த்தம். சில மாதங்களுக்கு முன்புதான் பெண்குழந்தை பெற்றிருந்தாள். மனைவிக்குத் தெரிந்த மலாய், பாசாரில் மீன் விலை பேசுகிற அளவு மலாய். வாசலில் நின்று "காக், சூசு, சூசு" என்று அவள் கத்துவது எனக்குக் கேட்டது. பால் என்றதும் அந்தப் பெண் உள்ளே போய் டின் பாலை எடுத்து வந்தாள் போலிருக்கிறது. "இது இல்ல காக்" என்று இவள் எதையோ சைகை காட்டியிருக்கவேண்டும். அப்புறம், "எதுக்கு?" என்று மலாயில் கேள்வி வந்தது. "என் வீட்டுக்காரர் கண்ணுக்கு" என்று இவள் பதில் சொன்னாள். கண் வெந்துகொண்டிருந்த நேரத்திலும் எனக்கு மானம் போனது.

நல்ல மனசு அந்தப் பெண்ணுக்கு. இரண்டாவது கேள்வி கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போய் டம்ளரில் கொஞ்சம் பாலோடு வந்தாள், தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கூடவே எங்கள் வீட்டுக்கும் வந்தாள். மனைவி என் தலையை நிமிர்த்திப் பாலைக் கண்ணில் விட்டாள். ஒரு நொடி இதமாக இருந்தது. அடுத்த நொடி பழையபடி தீ. காக் என் இமையோரத்தில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, மடியில் கிடந்த பொட்டலத்தையும் பார்த்துவிட்டு, "முதல்ல கழுவணும் அண்ணே" என்று மலாயில் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தாள். பெண்கள் இருவரும் சேர்ந்து என் தலையைக் குழாய்க்கு அடியில் தள்ளினார்கள். அதற்குள் நேரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கண்ணைத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்தார்கள். என்னைப் பார்த்த கண் டாக்டர் யாழ்ப்பாணத்து வம்சாவளிப் பெண். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் என்றாலும், எங்களோடு அவருடைய ஊர்த் தமிழில் நிதானமாகப் பேசுவார். நடந்ததைக் கேட்டுவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார்.

"பால் விட்டதில பெரிய பிழை இல்லை அம்மா. ஆனா முதல் தண்ணி விடவேணும். சுண்ணாம்பு நிக்காது, உள்ளுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பால் தேடின நேரத்தில அது போயிட்டுது."

அவர் திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் மனைவியின் கை இடுப்பிலிருந்து இறங்கியதை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அது அங்கே ஏறவே இல்லை. எனக்கு அது கண் வலியைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது. அதட்டாத மனைவியோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று எனக்குத் தெரியாது.

வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இடது கண்ணில் எரிச்சல் அடங்க மாதக்கணக்கில் ஆனது. அடங்கிய பிறகு கருவிழிமேல் சதை மாதிரி ஒரு படலம் மூடிக்கொண்டு வந்தது, அதில் சிவப்பு நரம்புகள் ஓடின. வெளிச்சம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. மழை பெய்யும்போது வைப்பர் நின்றுபோன முன்கண்ணாடி எப்படியோ அப்படி. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட லைசன்ஸ் தரமாட்டார்கள். நம் நாட்டில் ஏறும் கதவு இடது பக்கம், நிறுத்தம் இடது பக்கம், சந்திலிருந்து பாயும் மோட்டார் சைக்கிள்காரனும் இடது பக்கம்தான் வருவான். எனக்கே தெரியும், நான் ஓட்டக்கூடாது என்று.

கம்பெனியில் என்னை டிப்போவில் போட்டார்கள். காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகக் கைகாட்டி வெளியே அனுப்பவேண்டும். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் ஸ்டியரிங் பிடித்து எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள். கண் சரியானால் பழைய வேலை, இல்லையென்றால் இதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று மேலாளர் சொல்லியிருந்தார். பஸ் ஓட்டுவது எனக்குப் பிழைப்பு மட்டும் இல்லை. என்னைக் கேட்டால், அதைத் தவிர எனக்கு ஒழுங்காக வருகிற காரியம் வேறு ஒன்றும் கிடையாது. சமைத்தால் உப்பு கூடும், ஆணி அடித்தால் விரலில் அடிப்பேன்.

படலம் முழுக்க மூடிய பிறகு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கருவிழிக்கு மேல மெல்லிய தோல் ஒண்டு இருக்கு, கண்ணாடி மாதிரி. அது ஒவ்வொரு நாளும் தேயும், புதுசும் வரும். புதுசு எங்கயிருந்து வருது? கறுப்பும் வெள்ளையும் சேருற ஓரம் இருக்குதெல்லோ, அந்த வட்டத்தில இருந்து. அதில ஸ்டெம் செல் எண்டு ஒரு வகை இருக்கு. குருத்து மாதிரி. அது இருக்கும்வரை புதுத் தோல் வந்துகொண்டே இருக்கும். உங்கட இடது கண்ணில சுண்ணாம்பு அந்த ஓரத்தை எரிச்சுப்போட்டுது. அதான் வெள்ளையில இருக்கிற சதை உள்ளுக்கு வந்து மூடுது."

இப்போது பத்திரிகைகளில் குருத்தணு என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டாக்டர் ஞாபகம் வரும்.

"அப்ப என்ன பண்றது டாக்டர்?" என்றாள் மனைவி.

"நல்லா இருக்கிற வலது கண்ணின்ர ஓரத்தில இருந்து சின்னத் துண்டு எடுத்து, இடது கண் ஓரத்தில வைச்சுத் தைப்பம். அது அங்க பிடிச்சு வளரும்."

இருக்கிற ஒரு கண்ணிலும் கத்தி வைப்பதா? நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி பேரம் பேசத் தொடங்கிவிட்டாள். மீன்காரனிடம் பேசுவது போலவேதான்.

"இந்தக் குருத்து அங்க மட்டும்தான் இருக்கா? வேற எடத்துல இல்லையா?"

"இருக்கு அம்மா. எலும்புக்குள்ள மச்சை இருக்குதெல்லோ, அதில இருக்கு. ரத்தப் புற்றுநோய்க்கு அதை எடுத்து வைக்கினம். தோலுக்குக் கீழ இருக்கு, மயிர்க்காலில இருக்கு, குடலில இருக்கு. பிள்ளை பிறக்கேக்க அறுக்கிற கொடி ரத்தத்திலயும் இருக்கு."

"அப்ப எலும்புலேருந்து எடுங்க டாக்டர். எலும்பு நெறய இருக்கு இவருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். "எலும்பில இருக்கிறது ரத்தத்தைத்தான் செய்யும். தோலில இருக்கிறது தோலைச் செய்யும். வயித்தில பிள்ளை உருவாகிற முதல் நாட்களில இருக்கிறதுதான் எதுவாயும் மாறும். வளர்ந்த ஆக்களிட்ட ஒவ்வொண்டும் தன்ர வேலையைத்தான் பாக்கும். கண்ணின்ர மேற்தோலுக்குக் கண் ஓரம்தான் வேணும்."

"சரி," என்றாள் மனைவி. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப என் கண்ணுலேருந்து எடுங்க. எனக்கு ரெண்டும் நல்லாருக்கு. நான்தான் பால் பாலுன்னு ஓடினேன். என்னோடத எடுத்து வைங்க."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை மாதமாக அதட்டாமல் இருந்ததில் அவள் மனதுக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஏலாது அம்மா," என்றார் டாக்டர், மெதுவாகத்தான். "கூடப்பிறந்த ஆக்களெண்டாலே பொருத்தம் பாக்கவேணும். உங்கட துண்டை வைச்சா இவரின்ர உடம்பு ஏத்துக்கொள்ளாது. அதுக்கு உங்களை அடையாளம் தெரியாது. வேற்றாள் எண்டு நினைச்சு அடிச்சுத் துரத்தும். மருந்து குடுத்து அடக்கலாம், ஆனா இவருக்குச் சொந்தக் கண் ஒண்டு நல்லா இருக்கேக்க அந்தக் கஷ்டம் என்னத்துக்கு?"

வெளியே வந்தோம். வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறி, நான் அதன் ட்ரைவர் கியர் போடும் அழகைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, மனைவி திடீரென்று கேட்டாள்.

"இருவது வருசத்துக்கு மேல சோறு ஆக்கிப் போட்டிருக்கேன். வேத்தாளா நானு?"

"டாக்டர் உடம்பைச் சொன்னாங்க லா, என்னையா சொன்னாங்க?"

"ஒங்க உடம்புதானே அது. வேற யாரு உடம்பு?"

அன்று ராத்திரி சாப்பாட்டில் ரசத்தை எனக்கு எதிரில் வைத்துவிட்டு, "வேத்தாளு வச்ச ரசம், பாத்துக் குடிங்க, உடம்பு தொரத்தப் போவுது" என்றாள். அதட்டல் திரும்பி வருகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆபரேஷனுக்கு நான் சம்மதிக்கவில்லை. எங்கள் பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு நடப்பவர்கள் நிறையப் பேர். தினமும் என் பஸ்ஸில் ஏறியவர்கள்தான், அவர்கள் நிற்கும் இடத்துக்கு நேராகப் படி வரும்படி வண்டியை ஒட்டி நிறுத்துவதில் எனக்குப் பெருமை. அவர்கள் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, அவ்வளவுதான். அறை விளக்கை அணைத்துவிட்டாலே கட்டில் காலில் இடித்துக்கொள்கிறவன் நான். வலது கண்ணும் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தாலே வியர்த்தது. டாக்டர் தேதி கொடுத்தார். நான் டிப்போவில் லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லித் தள்ளிப்போட்டேன்.

என் மனதை மாற்றியதும் அந்த டிப்போதான். எங்கள் கம்பெனி ரவாங் பக்கம் புதிதாக ஒரு சின்ன டிப்போ திறந்தது. அதற்கு இங்கிருந்து சில பஸ்களையும், ஒரு மெக்கானிக்கையும், கொஞ்சம் சாமான்களையும் அனுப்பினார்கள். போச்சு, இங்கே வண்டி பற்றாமல் திண்டாடப்போகிறோம் என்று நாங்கள் எல்லாம் புலம்பினோம். ஒன்றும் ஆகவில்லை. இங்கே வழக்கம்போல வண்டிகள் வெளியே போயின. அங்கேயும் கொஞ்ச நாளில் ஆள் சேர்த்து, வண்டி சேர்த்து, அவர்கள் பாட்டுக்கு ஓட்டத் தொடங்கினார்கள். ஒரு காலையில் வாசலில் நின்று பஸ்ஸை அனுப்பிக்கொண்டிருந்தபோது எனக்கு டாக்டர் சொன்னது சட்டென்று புரிந்தது. கருவிழியைச் சுற்றி இருக்கும் ஓரம் ஒரு டிப்போ. அங்கிருந்துதான் தினமும் புது வண்டிகள் ரோட்டுக்கு வருகின்றன. என் இடது டிப்போவைச் சுண்ணாம்பு எரித்துவிட்டது. வலது டிப்போவிலிருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பினால் வலது ஒன்றும் இழுத்து மூடிவிடப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் விளக்கினேன். டாக்டரைவிட நான் நன்றாகச் சொன்னதாகத்தான் எனக்குத் தோன்றியது. அவள் கேட்டுவிட்டு, "எப்படியோ, ஒங்க டிப்போ மெக்கானிக்குதான் வேணும். வேத்து ஆளு வேணாம்" என்றாள்.

ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கிடையாது, கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். டாக்டர் கூடவே பேசிக்கொண்டே செய்தார். முதலில் இடது கண்ணில் மூடியிருந்த படலத்தை உரித்தார். பிறகு வலது கண் பக்கம் வந்து, "இப்ப உங்கட மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். என் டிப்போ கதையை மனைவி அவரிடம் சொல்லியிருக்கிறாள். வேத்தாள் என்று முறுக்கிக்கொண்டிருந்தவள், என் கதையை எடுத்துக்கொண்டு போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்ததில் பயம் பாதி போய்விட்டது.

வெளியே வந்தபோது இரண்டு கண்ணிலும் கட்டு. வலது கண்ணை மறுநாள் அவிழ்த்துவிடுவதாகச் சொன்னார்கள். ஆனால் அந்த ஒரு நாள் எனக்கு உலகமே கிடையாது. வார்டில் யாரோ வருகிறார்கள், யாரோ போகிறார்கள். கையைத் தொட்டு நாடி பார்க்கிறார்கள், தலையணையை ஏற்றுகிறார்கள். யார் தொட்டாலும் திடுக்கிட்டேன். அப்புறம் ஒரு கை வந்து என் கைமேல் பேசாமல் இருந்தது. உள்ளங்கை சொரசொரவென்று, விரல் நுனியில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வெங்காய வாசனையோடு. என் கை தானாகத் திரும்பி அதைப் பிடித்துக்கொண்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து வெளியிடத்தில் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டது கிடையாது, எங்கள் தலைமுறையில் அதெல்லாம் வழக்கமில்லை.

"யாருன்னு தெரியுதா?" என்றாள்.

"உடம்புக்குத் தெரியுது. டாக்டருக்குத்தான் தெரியல" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. கழிவறைக்குப் போகும்போதும், சாப்பிடும்போதும், அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். வலது கண் கட்டை மறுநாள் அவிழ்த்தபோது, எல்லாம் முன்போலவே தெரிந்தது. ஓரத்தில் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். நிம்மதியில் எனக்கு நிற்காமல் பசித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இடது கண்ணுக்கு மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. மனைவி கேண்டீனுக்கு லீவு போட்டுவிட்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக் காக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்தாள். குழந்தை அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தது. காக் வெகுநேரம் தயங்கிவிட்டு, தன் பாலால்தான் கண் இப்படி ஆனதோ என்று மனைவியிடம் கேட்டாள். அத்தனை மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் பாவம். "இல்ல காக், பால் ஒண்ணும் பண்ணல, நான் தண்ணி ஊத்தாததுதான் தப்பு" என்று மனைவி தன் பாசார் மலாயில் சொன்னாள். அதை வாய்விட்டு அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

காக்குக்கு முகம் தெளிந்தது. உடனே கிண்டல் வந்துவிட்டது. அவர்கள் மதத்தில் ஒரு பெண்ணிடம் பால் குடித்த சிசு அவளுக்குப் பிள்ளை முறை ஆகிவிடுமாம், அனாக் சூசுவான் என்பார்களாம். "அண்ணே குடிக்கல, கண்ணுலதான் விட்டீங்க, அதனால பாதிப் பிள்ளை" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அந்தக் குழந்தை எனக்குத் தங்கச்சி. மொட்டைமாடியில் பார்த்தால் "வா தங்கச்சி" என்பேன், அது ஓடிவந்து டாக்டர் போடச் சொல்லியிருந்த மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுக்கும்.

"பாத்தீங்களா," என்றாள் மனைவி. "ஒரு டம்ளர் பாலு குடுத்தவங்க சொந்தமாயிட்டாங்க. நான்தான் இன்னும் வேத்தாளு."

இடது கண் மெதுவாகத் தெளிந்தது. முதலில் ஓரத்தில் ஒரு கீற்று, பிறகு உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்து, "மெக்கானிக் வேலை செய்யிறார்" என்பார். விரல் தெரிந்தது, பிறகு முகம், பிறகு சுவரில் மாட்டிய அட்டையில் பெரிய எழுத்து, அப்புறம் அதற்குக் கீழே உள்ளது. சின்னத் தழும்பு ஒன்று தங்கிவிட்டது, எல்லா எழுத்தும் ஒருநாளும் வரவில்லை. லைசன்ஸுக்குத் தேவையான வரிவரைக்கும் வந்தது. பரிசோதனைக்குப் போன அன்று வலது கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை நான் வாசித்த குரல் நடைபாதை வரை கேட்டதாம்.

வெற்றிலையை விட்டுவிட்டேன். ஏசுவதை விடவில்லை.

திரும்ப பஸ் எடுத்த முதல் நாள் காலையில் டிப்போ வாசலில் எனக்குக் கைகாட்டி அனுப்பினார்கள். கிள்ளானில் ஆளை ஏற்றிக்கொண்டு பெடரல் நெடுஞ்சாலையில் வந்தேன். வழியில் ஒரு டாக்சிக்காரன் இடது பக்கமாக உரசிக்கொண்டு முந்தினான். அவன் வருவதை முன்கூட்டியே பார்த்துவிட்டேன். ஏசுவதற்குப் பதிலாக, அன்று ஒருநாள் மட்டும், எனக்குச் சிரிப்பு வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது தூரத்திலேயே இடது பக்கம் ஒரு மஞ்சள் சேலை தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவில், ஒரு கையில் சோற்றுத் தூக்கு. இன்னொரு கை இடுப்பில். சுண்ணாம்பு பட்ட நாளிலிருந்து அந்தக் கை அங்கே ஏறி நான் பார்க்கவில்லை. கேண்டீனுக்குப் போகவேண்டிய நேரத்தில் இங்கே என்ன செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டே படி அவளுக்கு நேராக வரும்படி வண்டியை ஒட்டி நிறுத்தினேன்.

கதவு திறந்தது. அவள் ஏறாமல் கீழேயே நின்றாள். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.

"ட்ரைவர் அண்ணே," என்றாள், கண்டக்டருக்கும் கேட்கிற மாதிரி. "வேத்தாளு ஏறலாமா?"

தலையை ஆட்டினேன். அவள் ஏறி, எனக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்து, தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் மணியை அடித்தார், மறுபடியும் அடித்தார். எனக்கு ரோடு தெரியவில்லை. இரண்டு கண்ணும் ஒன்றுபோலவே நிறைந்திருந்தன. துடைத்துக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுக்க முடிந்தது.